எஞ்சினுக்குள் மூன்று லிட்டர்

லில்ஷோ ஏரிக்கரையில் குளிர்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. மாய்கென் தன் பச்சைக் காரைத் தூரேயின் கொட்டகைக்குள் விட்டுவிட்டாளா என்றுதான் கேட்பார்கள். விட்டுவிட்டாள் என்றால் குளிர்காலம். இல்லையென்றால் முழங்கால் அளவு பனி கொட்டினாலும் அது இலையுதிர்காலம்தான். ஒரு வருஷம் ஏரியே, உறைவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துக்கொண்டு கிடந்தது. அவள் வண்டி கொட்டகைக் கதவைத் தாண்டிய சாயங்காலம்தான் தைரியமாக உறைந்தது.

இந்த மரியாதைக்குக் காரணம் அவள் உத்தியோகம். ஐம்பத்தேழு வயது மாய்கென் இருபத்தாறு குளிர்காலமாக உப்பு லாரி ஓட்டுகிறாள். ஈரச் சாலை உறையத் தொடங்கும் நேரம் பார்த்து முப்பத்து நான்கு கிலோமீட்டருக்கு உப்புத் தூவ வேண்டும். பஸ்ஸும் பால் வண்டியும் பள்ளத்தில் கவிழாமல் வீடு போய்ச் சேருவது அந்த உப்பின் தயவால். ஆனால் பழைய கார்களுக்கு அதே உப்புதான் எமன். அறுபது வருஷத்துத் தகட்டில் ஒரே ஒரு குளிர்காலம் உப்புப் பட்டால் போதும், அடுத்த கோடையில் காலடி ஓட்டை வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு, பகலில் நரியிடம் சம்பளத்துக்குப் போகிறவளைப் போன்றது அவள் பிழைப்பு.

ஊரில் அவளைப் போலப் பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னும் இருபத்திரண்டு பேர். செப்டம்பர் கடைசியானால் மாய்கென் வீட்டுப் படியில் ஏலக்காய் ரொட்டிகள் குவியத் தொடங்கும். “இந்த வாரம் தாங்குமா, மாய்கென்?” என்று ஒவ்வொருவரும் குழைவார்கள். முதல் உப்பு என்றைக்கு விழும் என்று அவளுக்குத்தானே தெரியும். அவள் ரொட்டியை வாங்கிக்கொள்வாள், பதில் சொல்ல மாட்டாள், மூக்கை மட்டும் மேற்கே திருப்பி ஒரு முறை உறிஞ்சுவாள். அந்த மூக்கு நார்வே எல்லைக்கு அப்பால் கிளம்பும் குளிரை இங்கிருந்தே முகர்ந்துவிடும் என்று பேச்சு. மூக்கு திருப்தியானால் மறுநாளே தன் காரைக் கொண்டுபோய்க் கொட்டகையின் கடைசி மூலையில் நிறுத்துவாள். பிறகு மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்து முன்னால் அடைத்துக்கொள்வார்கள். முதலில் போகிறவள் கடைசியில்தான் வெளியே வர முடியும். அது அவளுக்குச் சம்மதம். வசந்தத்தில் மூன்று நல்ல மழை பெய்து, தான் கொட்டிய உப்பு கடைசிக் கல் வரைக்கும் கழுவிப் போகாமல் அவள் காரைத் தெருவில் இறக்குவதில்லை.

கார் 1962இல் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, பாசிப் பச்சை. அவள் வாங்கும்போது அது கார் இல்லை, பதினோரு ஆப்பிள் பெட்டி நிறையத் துருப்பிடித்த சாமான். எஞ்சின் ஒன்பது வருஷம் சமையலறைச் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அவள் புருஷன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷமும் சாப்பிட்டான். கடைசியில் சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் பிரிந்து போனபோது அவன் கேட்டது அந்த மேசையை மட்டும்தான். அவளும் எஞ்சினைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு மேசையைக் கொடுத்து அனுப்பினாள். அந்த எஞ்சினின் பிளாக், அதாவது வார்ப்பிரும்பு உடம்பு, அந்தக் காரோடு பிறந்தது. நாலு சிலிண்டரையும் அவளே உட்கார்ந்து அளந்து அளந்து சரி செய்தாள். உடைந்தால் அதற்குப் பதில் இன்னொன்று வைக்கலாம்தான். அப்புறம் அது வேறு கார்.

குளிர்காலத் தூக்கத்துக்கு அதைத் தயார் செய்ய அவளுக்கு இரண்டு வாரம் வேண்டும். அழுக்கு எண்ணெயோடு தூங்கவிடக் கூடாது என்று எஞ்சின் எண்ணெயை மாற்றுவாள். பெட்ரோல் டாங்க்கில் காற்றுக்கு இடம் இருந்தால் தண்ணீர் வியர்க்கும் என்று கழுத்து வரை நிரப்புவாள். கொட்டகையில் நாலு சக்கரமும் தரையைத் தொடாதபடி அடியில் மரக்கட்டை கொடுத்து, பாட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொள்வாள். கிளச் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மிதியை ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்து அழுத்தி வைப்பாள். புகைக்குழாயில் துணி அடைப்பாள், எலிக்காக. இருக்கைக்கு அடியில் வாசனைச் சோப்பு, அதுவும் எலிக்காக. கடைசியாக எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்தெடுப்பாள். மற்றவர்கள் உறையாத கூலன்ட்டை ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அவளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பழைய எஞ்சினின் இடுக்கெல்லாம் அது கசிந்துவிடும் என்பாள். வெறும் தண்ணீர், இலையுதிர்காலத்தில் வறட்டு எஞ்சின். அதுதான் அவள் வழி.

எல்லாம் முடிந்ததும், என்னென்ன செய்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுவது கொட்டகை வழக்கம். அவள் சீட்டில் இந்த வருஷமும் எழுதியிருந்தது: “தண்ணீர் இல்லை.”

நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, தரை துடைக்கலாம் என்று மாய்கென் குளியல் குடிசையிலிருந்து வாளியை எடுத்தாள். பத்து லிட்டர் வாளி, உள்ளே லிட்டர் லிட்டராகக் கோடு. மூடியைத் திறந்தால் மூன்று வாரத்துக்கு முன்னால் காரிலிருந்து வடித்த துருத் தண்ணீர் இன்னும் அதில் கிடந்தது. தூரே தன் மண்ணில் ஒரு சொட்டு ஊற்ற விட மாட்டான் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்து மறந்திருந்தாள். கொட்டுவதற்குச் சாய்த்தவள், கோட்டைப் பார்த்தாள்.

ஐந்து.

வாளியை நேராக வைத்து, குனிந்து, மறுபடி பார்த்தாள். ஐந்துதான். அந்தக் காருக்குள் போவது எட்டு. ஜூலையில் மலையில் ஒரு ரப்பர் குழாய் வெடித்தபோது ஆற்றிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றியதும் எட்டு.

மூன்று லிட்டர் எங்கே?

தண்ணீரை வடிக்க இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று ரேடியேட்டருக்கு அடியில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கின் பின்புறம். இரண்டையும் அன்று திறந்தாள். பின் குழாயில் கெண்டியிலிருந்து டீ ஊற்றுவது போல ஒரு கோடு ஓடி நின்றது. நின்றால் காலி என்று அர்த்தமில்லை. பிளாக்கின் அடியில் தேங்கிய துருச்சேறு குழாயின் வாயை அடைத்திருந்தாலும் நிற்கும். அதற்காகத்தான் வாளியில் கோடு பார்ப்பது. அன்று பார்க்கும் முன் போன் அடித்தது, பருவத்தின் முதல் உப்பு அழைப்பு. மூடியைப் போட்டுவிட்டு ஓடினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியில் பிளஸ் இரண்டு. தூறல் நின்றிருந்தது. மேற்கே மேகம் கிழிந்து, கிழிசலில் பச்சை வானம். இதுவரை குளிர் ஒன்றிரண்டு டிகிரியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வானொலி இன்றிரவுக்கு மைனஸ் பதினேழு என்றது. அந்த மூன்று லிட்டர் உறைந்து விரிந்தால், வார்ப்பிரும்பு ரொட்டிபோல விரிசல் விடும்.

தூரேயின் பண்ணைக்குப் பதினைந்து நிமிஷம். அவள் பத்து நிமிஷத்தில் போனாள்.

தூரே சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகாதவன், அறுபத்தொன்பது வயது, அவனுக்கு முன்னால் அவன் தொப்பை மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். எதிரே அவன் அக்கா ஹில்லெவி, எழுபத்திரண்டு, கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்து வரக்கூடிய உடம்பு, நான்கு ஊசியில் ஒரு காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

“தூரே, கொட்டகையத் திற” என்றாள் மாய்கென்.

“ஏப்ரல் கடைசியில, வால்பொரி அன்னிக்கு வா. ஏரிக்கரையில தீ மூட்டிட்டு, எல்லாருக்குமா திறக்குறேன்.”

“விளையாடாத. என் எஞ்சின்ல தண்ணி இருக்கு.”

“தண்ணி இல்லன்னு உன் சீட்டு சொல்லுதே.”

“சீட்டு தப்பு.”

ஊசிச் சத்தம் நின்றது. மாய்கென் சீட்டில் தப்பு என்பது, பாதிரியார் பைபிளைத் தலைகீழாகப் பிடித்தார் என்பது போல.

“ஊர் ரோட்டுக்கெல்லாம் உப்புப் போடுறவ, தன் சூப்புல போட மறந்துட்டா” என்றாள் ஹில்லெவி.

“ஹில்லெவி, சத்தியமா சிரிக்கிற நிலைமையில நான் இல்ல.”

“நான் எங்கடி சிரிச்சேன்? இரும்புக்குப் பால் குடுத்து வளக்குற உங்க கூட்டத்தப் பாத்தா எனக்கு அழுகைதான் வருது.”

தூரே கோப்பையைக் கீழே வைத்தான். “கேளு, மாய்கென். புனிதர் திருநாள் சனிக்கிழமை சாத்தினா சாத்தினதுதான். ஆறு வருஷம் முன்னால ஒருத்தன் மூக்குக்கண்ணாடிய உள்ள மறந்துட்டேன்னு கெஞ்சினான். திறந்தேன். பெல்ட் கொக்கியில பக்கத்து வண்டிக் கதவக் கீறிட்டான். ரெண்டு குடும்பமும் இன்னிக்கு வரைக்கும் ஒரே கடையில ரொட்டி வாங்குறதில்ல. அத்தன வண்டியும் கட்டை மேல நிக்குது. ஒவ்வொண்ணா இறக்கி வெளிய எடுக்கணும்னா நாளைக்குச் சாயங்காலம் ஆகும்.”

“எடுக்க வேண்டாம். அடியிலயே ஊர்ந்து போறேன்.”

“அத்தனை வண்டிக்கு அடியிலயா?”

“எனக்கு முன்னால வரிசையில பதினொண்ணுதான்.”

அவன் ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானத்தைப் பார்த்தான். விவசாயி, அந்தப் பச்சை நிறத்துக்கு அர்த்தம் அவனுக்கும் தெரியும். மூச்சு விட்டான்.

“உடம்புல ஒரு உலோகம் இருக்கக் கூடாது. ஜிப்பு, பொத்தான், வாச்சு, எதுவும். ஸ்பானரத் துணியில சுத்திக்க. வைக்கோல் தூசி, தீக்குச்சி கிழிச்சயோ உன்னையும் சேத்து மண்வெட்டியில அள்ளணும். அப்புறம், என் தரையில ஒரு சொட்டு விழக் கூடாது.”

ஆக லில்ஷோவின் உப்பு லாரி ஓட்டுநர், மதியம் இரண்டு மணிக்கு, முட்டி தேய்ந்த கம்பளி உள்கால்சட்டையும் ஸ்வெட்டருமாகக் கொட்டகை வாசலில் குனிந்து நின்றாள். போனை மட்டும் தூரே அனுமதித்தான், உப்பு அழைப்பு எந்த நேரமும் வரலாம் என்பதால். வாயில் சிறு டார்ச். கையில் மூடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அப்போதுதான் நினைவு வந்தது, சேற்றைக் குத்திவிடக் கம்பி எடுத்து வரவில்லை.

“இந்தா.” ஹில்லெவி காலுறையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். உருவிய இடத்தில் பின்னல் கண்ணிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. “நாலுல ஒண்ணு. திரும்பி வரணும்.”

மாய்கென் மல்லாந்து படுத்து, முதல் வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

கோடையில் சிரித்துக்கொண்டே அடியில் புகுந்து வேலை பார்த்த வண்டிகள்தான் அவை. இப்போது ஒவ்வொன்றும் நான்கு மரக்கட்டை மேல் மூச்சைப் பிடித்து நின்றது. முழங்கை ஒரு கட்டையை இடித்தால் ஒரு டன் இரும்பு மார்பில் இறங்கும். அவள் குதிகாலை ஊன்றி, தோளைத் தள்ளி, ஒரு சாண், இன்னொரு சாண் என்று போனாள். மூக்குக்கு மேல் நாலு விரல் இடைவெளியில் அடுத்தவர்களின் எண்ணெய்ச் சட்டிகள் நகர்ந்தன. படகு போல நீண்டு தாழ்ந்ததால் ‘படகு வண்டி’ என்று பேர் வாங்கிய பல் மருத்துவரின் காருக்கு அடியில் கொண்டை எதிலோ மாட்டியது. பின்னாலும் போக முடியவில்லை, முன்னாலும் போக முடியவில்லை. மேலே கட்டை ‘கிறீக்’ என்றது. அவள் அசையாமல் பத்து வரை எண்ணிவிட்டு, தலையைத் திருப்பி, மாட்டிய முடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

“உயிரோட இருக்கியா?” வாசலிலிருந்து தூரே.

“ம்.” டார்ச் வாயில் இருந்தது.

“எதையும் கீறிட்டியா?”

அவள் அடுத்த வண்டிக்கு அடியில் தோளைத் தள்ளினாள்.

பச்சை வண்டியின் அடியை அவள் இருட்டிலேயே தடவித் தெரிந்துகொண்டாள். பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஈரக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. பின் குழாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படியானால் குழாயையே திருகிக் கழற்ற வேண்டும். பித்தளைக் குழாய், இருபது வருஷமாகக் கழற்றாதது. முறிந்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் துளைபோடும் இயந்திரம் இல்லாமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பானரை மாட்டி, கண்ணை மூடி, மெல்ல அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். பல்லில் டார்ச் நறநறத்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம்.

முறிந்ததா, விட்டதா? அவளுக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. விரலால் தொட்டாள். திரும்பியது. முழுசாகக் கையோடு வந்தது.

துளையிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே செங்கல் மாதிரி இறுகிய சேறு. ஊசியை நுழைத்தாள். ஒரு விரல் நீளம் போனது, நின்றது. திருகினாள், குத்தினாள். உள்ளங்கையால் அடித்தபோது இன்னும் ஒரு நகக்கண் அளவு இறங்கி இறுகிக்கொண்டது. இப்போது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

வயிற்றுக்கு மேல் போன் அதிர்ந்தது. டிப்போவிலிருந்து இங்வே, உப்பு லாரிகளை அனுப்பும் மேற்பார்வையாளன்.

“மாய்கென், தேவாலய மேட்டுல ரோடு மைனஸ் ஒண்ணு. ஈரம் அப்படியே கிடக்கு. ஸ்கூல் பஸ் மூணரைக்கு இறங்குது.”

“வேற யாராவது—”

“யாரு? உன் மாத்தாள் காய்ச்சல்ல கிடக்கான். நீ எங்க இருக்க? கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது.”

“ஒரு காருக்கு அடியில.”

“யாரோட காரு?”

அவனுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

“பத்து நிமிஷம் தரேன்” என்றான். “அதுக்கு மேல என் கையில இல்ல.”

அந்தப் பத்து நிமிஷமும் அவள் ஊசியோடு மல்லுக்கட்டினாள். விரல் வழுக்கியது, ஊசி வளைந்தது, நகம் ஒன்று பிய்ந்தது. இடுக்கி ஒன்று இருந்தால், வாசலுக்குப் போய் வாங்கி வர நேரம் இருந்தால் என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு கணம் இன்னொரு கணக்கும் போட்டது. பஸ் டிரைவர் கெட்டிக்காரி, மெல்லத்தான் இறங்குவாள், ஒரு நாள் கொஞ்சம் தாமதமானால் என்ன? இதை மாய்கென் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. அந்த இருட்டில், பஸ்ஸில் இருந்த முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு முன்னால் தான் நினைத்தது இரும்பைத்தான் என்று அவளே சொன்னாள்.

பதினோராவது நிமிஷம் அவள் பிளாக்கிலிருந்து கையை எடுத்தாள். எடுக்கும்போது கை அதோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது. மல்லாந்தபடியே வந்த வழியில் தன்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

“வந்துச்சா?” என்றான் தூரே.

“இல்ல.” பூட்ஸை மாட்டிக்கொண்டே அவள் வேறெங்கோ பார்த்தாள். “மேட்டுல வழுக்குது. நான் போகணும்.”

“என் ஊசி எங்கடி?” என்றாள் ஹில்லெவி.

“எஞ்சின்ல. சிக்கிக்கிச்சு.”

“சிக்கிக்கிச்சா? மூணு ஊசிய வச்சுக்கிட்டு நான் என்ன, கொசு வலையா பின்னுறது?”

“திரும்பி வந்து எடுத்துத் தரேன், ஹில்லெவி.”

“எப்ப?”

எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. உப்பு முடிந்து திரும்பும்போது அந்த ஊசியை எடுப்பதும் எடுக்காததும் ஒன்றாகிவிடலாம். ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

உப்பு லாரியின் கண்ணாடிக்குக் கீழே ஒரு சிவப்பு எண் எப்போதும் எரியும். சாலையின் வெப்பம். வேறு நாட்களில் அது அவளுக்கு வேலை. இன்று அது கொட்டகை மூலையிலிருந்து வரும் தந்தியைப் போல இருந்தது. ஆலைப் பாலத்தில் மைனஸ் இரண்டு. நூலகத்தைத் தாண்டும்போது இரண்டரை. பின்னால் உப்பு கரகரவென்று தகட்டில் கொட்டிச் சிதறியது. ‘மரக் கொட்டகை, வெளிக் குளிர் உள்ளே போக இரண்டு மணி நேரம் ஆகும்’ என்று ஒரு மனம் சொன்னது. ‘கதவு திறந்து கிடந்ததே’ என்றது இன்னொன்று.

தேவாலய மேட்டில் மைனஸ் நான்கு. தார் கண்ணாடிபோல மின்னியது. அவள் உச்சி வரை ஏறி, திரும்பி, வளைவில் மட்டும் உப்பை இரட்டிப்பாகத் திறந்துவிட்டு இறங்கினாள். அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் பார்த்தாள். மூன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பஸ்ஸின் விளக்குகள் உச்சியில் எட்டிப் பார்த்தன. பாதி இறக்கத்தில் அதன் பின்பக்கம் மெல்ல, ஒரு மாடு திரும்பிப் படுப்பதைப் போல, பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. மாய்கென் மூச்சு விடவில்லை. வளைவு வந்தது. சக்கரங்கள் உப்பைக் கடித்தன. பஸ் நேரானது. அவளைக் கடக்கும்போது கடைசி ஜன்னலில் ஒரு பிள்ளை நாக்கைத் துருத்திக் காட்டியது. அவளும் காட்டினாள்.

திரும்பிப் போகலாம் என்று கியரை மாற்றும்போது இங்வே கூப்பிட்டான். ஏரிச் சாலை முழுக்க இன்னொரு சுற்று.

மைனஸ் ஐந்து. மைனஸ் ஆறு. இருட்டிவிட்டது. தூரேயின் வீட்டுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், காபி நேரம், தூரே வீட்டில் இல்லாமல் எங்கே போவான்? மறுபடி போட்டாள். மைனஸ் ஏழு. மைனஸ் எட்டரை. மைனஸ் ஒன்பதுக்கு இங்வே, “போதும், இனிமே உப்பு பிடிக்காது. காலைல மணல் போட்டுக்கலாம். வீட்டுக்குப் போ” என்றான். உப்பே தோற்றுப்போகும் குளிர். மூன்று லிட்டர் தண்ணீர் எந்த மூலைக்கு?

ஐந்தரைக்குப் பண்ணையில் இறங்கியபோது கொட்டகைக் கதவு சாத்திப் பூட்டியிருந்தது. அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு சமையலறைக் கதவைத் தட்டாமல் தள்ளினாள்.

அடுப்புப் பக்கத்தில் ஹில்லெவி மெத்தைப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள், கால் இரண்டும் வெந்நீர்த் தொட்டியில். தலைமுடி, நெற்றி, கழுத்து எல்லாம் செம்மண் நிறம். பக்கத்தில் தூரே உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரித்தால் வீட்டை விட்டுத் துரத்தப்படுவோம் என்று தெரிந்த ஆளாக நின்றான்.

“நான் உன் இரும்புக் குழந்தைக்காகப் போகல” என்றாள் ஹில்லெவி எடுத்த எடுப்பில். “என் ஊசிக்குப் போனேன். இவன் தொப்பையப் படகு வண்டியே உள்ள விடல.”

“இடுக்கியோட போனா” என்றான் தூரே. “சொன்னா கேக்கல. ஒண்ணேகால் மணி நேரம் அடியில கிடந்தா. நான் கேட்ட வார்த்தையெல்லாம் கோயில்ல சொல்ல முடியாது.”

“ஊசியப் பிடிச்சேன், இழுத்தேன். வரல. ரெண்டு காலையும் உன் வண்டி அச்சுல ஊனிக்கிட்டு இழுத்தேன். ஊசியோட சேத்து புட்டி மூடி மாதிரி ஒரு சேத்துக் கட்டி வந்துச்சு பாரு, அதுக்குப் பின்னாலயே... குதிர மூத்திரம் பேயுற மாதிரி! நேரா மூஞ்சியில!”

மாய்கென் நன்றி சொல்லவில்லை. “எவ்வளவு?” என்றாள்.

“என்னடி எவ்வளவு?”

“எவ்வளவு தண்ணி வந்துச்சு?”

“உன் டப்பாவ வச்சேன், தூரே தன் தரை தரைன்னு கத்தினானே. வாசப்படியில நிக்குது போ.”

வாசற்படியில் டப்பா இருந்தது. மேலே ஜன்னல் கண்ணாடி கனத்துக்கு ஐஸ் ஆடை. வெளியே வைத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாய்கென் அதை உள்ளே கொண்டுவந்து மேசைமேல் வைத்து, விரலால் ஐஸை உடைத்து, அடுப்பில் கொஞ்சம் சூடு காட்டி, அலமாரியிலிருந்து ஹில்லெவியின் மாவு அளக்கும் லிட்டர்ப் படியைக் கேட்காமல் எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் பாதிக்கு வந்து தண்ணீர் தீர்ந்துபோனது.

“ரெண்டரை” என்றாள். “அரை லிட்டர் உள்ள நின்னாக்கூடப் போதும். பின்பக்கம்தான் பள்ளம். அங்கதான் தேங்கும்.”

“அதெல்லாம் உள்ள இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

ஹில்லெவி போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டினாள். நாற்காலி முதுகில் அவளுடைய ஸ்வெட்டர், சால்வை, உள்சட்டை, கம்பளிப் பாவாடை எல்லாம் கனத்துத் தொங்கின. “மீதி அதுல இருக்கு.”

மாய்கென் எழுந்தாள். ஸ்வெட்டரை எடுத்துப் படிக்கு மேலே பிடித்து முறுக்கினாள். செந்தண்ணீர் கொட்டியது. சால்வையைப் பிழிந்தாள். உள்சட்டையைப் பிழிந்தபோது தூரே நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவாடையின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள். இருவரும் எதிரெதிர் நின்று, ஈரக் கயிறு திரிப்பவர்களைப் போல, கம்பளி முனகும் வரை முறுக்கினார்கள். படியில் தண்ணீர் ஏறியது. ஏறி, விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. கடைசியாகக் காலுறை இரண்டையும் பிழிந்தாள். இன்னும் நான்கு சொட்டு.

படியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

“ஒரு கரண்டி குறையுது.”

“அதக் குடிச்சிட்டேன்” என்றாள் ஹில்லெவி.

“நிஜமாவா?”

“அது மூஞ்சியில அடிக்கும்போது நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு நினைக்கிறியா?”

மாய்கென் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள், வாயையும் பார்த்தாள், அந்த வாயின் அளவை மனதுக்குள் அளப்பவள் மாதிரி. பிறகு படியை மேசைமேல் வைத்து, மதியத்திலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தாள்.

“அப்ப எட்டு” என்றாள்.